கீழ் டிவிஷனிலிருந்து மேலே: ஒரு பெண்கள் கால்பந்து கிளப்பைப் பின்தொடர்வது எப்படி?

இங்கிலாந்துப் பெண்கள் 2022-லும் 2025-லும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற பிறகு, பெண்கள் கால்பந்தைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்கள் ஏராளம். பெரும்பாலோர் செல்சி, ஆர்சனல் என்று உச்சியில் இருக்கும் அணிகளோடு நின்றுவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் இந்த ஆட்டம் இன்று எப்படி வளர்கிறது என்று தெரிய வேண்டுமானால், கீழே இருந்து ஏறிக்கொண்டிருக்கும் ஒரு கிளப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். காசு யார் போடுகிறார்கள், மைதானம் யாருடையது, ஞாயிற்றுக்கிழமை கோல் போட்ட வீராங்கனை திங்கட்கிழமை காலையில் எந்த வேலைக்குப் போகிறார் என்பதெல்லாம் அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

இதை விளக்க, வடகிழக்கு இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் பெண்கள் அணியை எடுத்துக்கொள்கிறேன். 2023 வசந்தத்தில் நான்காம் அடுக்கில் இருந்த அணி, 2024 இலையுதிர் காலத்தில் இரண்டாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்தடுத்த இரண்டு சீசன்களில் இரண்டு பட்டம், இரண்டு படி. நடுநடுவே வேறு கிளப்புகளும் வரும். ஏறியவர்களைவிட, ஏற முடியாமல் போனவர்களின் கதையில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் அடுக்குகள்

இங்கிலாந்தில் உச்சியில் இருப்பது விமன்ஸ் சூப்பர் லீக். 2011-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. 2019-20 முதல் 12 அணிகள் ஆடின, 2026-27 முதல் 14 என்று முடிவாகியிருக்கிறது. அதற்குக் கீழே இரண்டாம் அடுக்கு. இதைப் பல ஆண்டுகள் சாம்பியன்ஷிப் என்றார்கள், 2025-26 சீசனிலிருந்து சூப்பர் லீக் 2 என்று பெயர். பழைய செய்திகளில் ஒரு பெயரும் புதிய செய்திகளில் இன்னொன்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாம் அடுக்கில் நேஷனல் லீக் ஆரம்பிக்கிறது: வடக்கு பிரீமியர் டிவிஷன், தெற்கு பிரீமியர் டிவிஷன் என இரண்டு. நான்காம் அடுக்கில் டிவிஷன் ஒன் என்ற பெயரில் நான்கு: வடக்கு, மிட்லண்ட்ஸ், தென்கிழக்கு, தென்மேற்கு. அதற்கும் கீழே மண்டல லீக்குகள், பிறகு மாவட்ட லீக்குகள். மேல் இரண்டு அடுக்குகளை 2024 முதல் ஒரு தனி நிறுவனம் நடத்துகிறது. மூன்றும் நான்கும் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் (எஃப்.ஏ.) கையில் இருக்கின்றன. இந்தக் கோடு முக்கியம். மூன்றிலிருந்து இரண்டுக்குப் போவது என்றால் வீட்டுக்காரரே மாறுகிறார், விதிமுறைகளும் மாறுகின்றன.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் கிளப் எந்த அடுக்கில், எந்த டிவிஷனில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆண்கள் அணி பிரீமியர் லீக்கில் இருக்கிறது என்பதற்காகப் பெண்கள் அணியும் மேலே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மான்செஸ்டர் யுனைடெட் 2005-ல் தன் பெண்கள் அணியையே கலைத்துவிட்டது. 2018-ல்தான் மறுபடி ஒன்றை உருவாக்கி நேராக இரண்டாம் அடுக்கில் சேர்ந்தது, முதல் சீசனிலேயே பட்டம் வென்று மேலேறியது, 2024-ல் வெம்பிளியில் டாட்டன்ஹாமை 4-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. பதின்மூன்று ஆண்டுகள் அந்தக் கிளப்பில் வயதுவந்த பெண்களுக்கு ஓர் அணி இல்லை என்பதையும் சேர்த்தே அந்த வெற்றியைப் பார்க்க வேண்டும்.

புள்ளிப் பட்டியலை எப்படி வாசிப்பது

வென்றால் மூன்று புள்ளி, டிரா என்றால் ஒன்று, சமமானால் கோல் வித்தியாசம். இது எல்லோருக்கும் தெரியும். புதியவர்கள் தவறவிடுவது 'ஆடிய ஆட்டங்கள்' என்ற பத்தியை. மூன்று, நான்காம் அடுக்குகளில் குளிர்காலத்தில் மைதானம் உறைந்துபோவதாலும் மழையில் ஊறிப்போவதாலும் ஆட்டங்கள் சாதாரணமாகத் தள்ளிப்போகும். ஜனவரியில் ஒரு அணி 13 ஆட்டம் முடித்திருக்கும், இன்னொன்று 10-தான் ஆடியிருக்கும். அந்த நேரத்தில் யார் முதலிடம் என்று பார்ப்பதைவிட, யார் எத்தனை புள்ளிகளை இழந்திருக்கிறார்கள் என்று கணக்குப் போடுங்கள்.

அடுத்தது, எத்தனை அணிகள் மேலேறும்? நான்காம் அடுக்கில் டிவிஷனுக்கு ஒரே ஒரு அணி. இரண்டாமிடத்துக்கு ஒன்றும் கிடையாது. 22 ஆட்டங்கள் கொண்ட சீசனில் இரண்டு தோல்வி வந்தாலே ஒரு வருஷம் போய்விடலாம். நான்காம் அடுக்கில் 'நல்ல சீசன்' என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. பட்டம், இல்லையென்றால் அதே இடம்.

மூன்றாம் அடுக்கிலிருந்து மேலேறும் விதி மாறிய கதையை நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டிடம் கேட்க வேண்டும். 2022-23-ல் வடக்கு பிரீமியர் டிவிஷனை அவர்கள் வென்றார்கள். அப்போது வடக்கு சாம்பியனும் தெற்கு சாம்பியனும் ஒரே ஆட்டத்தில் மோத வேண்டும், வென்றவருக்கு மட்டுமே மேலே இடம். வாட்ஃபோர்டிடம் 1-0 என்று தோற்றார்கள். சாம்பியனாகியும் அதே டிவிஷன். அடுத்த ஆண்டு விதி மாறி இரண்டு சாம்பியன்களுக்கும் நேரடி இடம் கிடைத்தது. அந்த ஆண்டு வடக்கை வென்றது நியூகாசில், தெற்கை வென்றது போர்ட்ஸ்மத். இருவரும் ஏறினார்கள். ஃபாரஸ்ட்டுக்கு 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூகாசிலின் வேகத்தைப் பாராட்டும்போது இந்தக் காலப் பொருத்தத்தையும் மறக்காதீர்கள்.

சூப்பர் லீக்கை 14 அணிகளாக்குவதற்காக மேல் அடுக்குகளிலும் ஏறும், இறங்கும் எண்ணிக்கைகளை மாற்றியிருக்கிறார்கள். ஆகவே எந்த சீசனைப் பார்க்கிறீர்களோ அந்த சீசனின் விதியை லீக்கின் தளத்தில் ஒருமுறை வாசித்துவிட்டு உட்காருங்கள்.

லைசென்ஸ்: ஸ்கோர்போர்டில் தெரியாத ஆட்டம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

பெண்கள் கால்பந்தின் மேல் அடுக்குகளுக்குப் போகப் பட்டம் மட்டும் போதாது, லைசென்ஸ் வேண்டும். 2018-ல் மேலிரண்டு அடுக்குகளையும் மாற்றியமைத்தபோது சூப்பர் லீக் முழுநேரத் தொழில்முறை லீக் ஆனது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி, இன்ன வசதியுள்ள மைதானம், இன்ன தகுதியுள்ள மருத்துவக் குழு, இளையோர் அகாதமி என்று நிபந்தனைகள் வந்தன. நோக்கம் நல்லதுதான். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குப் பயிற்சிக்கு ஓடிவந்த வீராங்கனைகளுக்கு ஒழுங்கான சம்பளமும் பிசியோவும் கிடைக்க அதுவே வழி செய்தது. ஆனால் அந்தக் கதவு சிலரை வெளியே தள்ளியும் மூடியது.

டொன்காஸ்டர் ரோவர்ஸ் பெல்ஸ் 1969-ல் ஆரம்பமான அணி. ஆண்கள் ஆட்டம் நடக்கும் பெல் வியூ மைதானத்தில் லாட்டரிச் சீட்டு விற்ற பெண்கள் சேர்ந்து தொடங்கியது. பிறகு நாட்டின் மிகப் பெரிய அணிகளில் ஒன்றாக வளர்ந்தார்கள். 2013-ல் சூப்பர் லீக்கை மாற்றியமைத்தபோது அவர்களைக் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தில் மான்செஸ்டர் சிட்டியை உட்கார வைத்தார்கள். சீசன் ஆரம்பித்துச் சில வாரங்களிலேயே முடிவு வெளியாகிவிட்டது. 2018-ல் பெல்ஸ் இரண்டாம் அடுக்கின் பட்டத்தை வென்றார்கள். ஆனால் புதிய லைசென்ஸின் செலவைத் தாங்கப் பணம் இல்லை. சாம்பியன்கள் மேலே போவதற்குப் பதிலாக மூன்றாம் அடுக்குக்கு இறங்கினார்கள். கால்பந்தில் இதைவிடக் கொடுமையான பரிசளிப்பு எனக்குத் தெரியவில்லை.

அதே கோடையில் சண்டர்லாந்தும் லைசென்ஸ் கிடைக்காமல் முதல் அடுக்கிலிருந்து நேராக மூன்றாம் அடுக்கில் விழுந்தது. லூசி பிரான்ஸ், ஜில் ஸ்காட், ஸ்டெஃப் ஹௌட்டன், ஜோர்டன் நாப்ஸ், பெத் மீட் எல்லோரும் ஆடி வளர்ந்த கிளப் அது. இங்கிலாந்து தேசிய அணிக்கு இத்தனை பேரைக் கொடுத்த வடகிழக்கு மூலையில் அன்றிலிருந்து சூப்பர் லீக் அணி என்று ஒன்றுமே இல்லாமல் போனது. நியூகாசிலின் ஏற்றத்தை அந்த ஊர் மக்கள் ஏன் அவ்வளவு ஆசையோடு பார்த்தார்கள் என்பது இங்கே புரியும்.

இது பழைய கதை அல்ல. 2024-ல் ரெடிங் கிளப் பணமில்லை என்று இரண்டாம் அடுக்கிலிருந்து தானாக விலகி ஐந்தாம் அடுக்குக்குப் போனது. 2025-ல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் நிபந்தனைகளுக்குச் செலவு செய்ய மாட்டோம் என்று இரண்டாம் அடுக்கை விட்டு விலகியது. அதே ஆண்டு உல்வ்ஸ் அணி மூன்றாம் அடுக்கில் பட்டத்துக்காகக் கடைசி வரை போராடியது. மேலேறுவதற்கான விண்ணப்பத்தைக் கிளப் போடவே இல்லை என்பது சீசன் முடிந்த பிறகுதான் வீராங்கனைகளுக்குத் தெரியவந்தது.

ஆகவே உங்கள் கிளப் பட்டத்துக்கு அருகில் வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா? உள்ளூர்ப் பத்திரிகையில் தேடுங்கள், ரசிகர் கூட்டமைப்பில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

காசு எங்கிருந்து வருகிறது

நியூகாசில் பெண்கள் அணி நீண்ட நாள் கிளப்பின் அறக்கட்டளையின் கீழ் இருந்தது. கிளப்பின் நேரடிப் பகுதியாக அதைச் சேர்த்துக்கொண்டது 2022 ஆகஸ்டில்தான். அதற்கு முந்தைய அக்டோபரில் சவுதி அரேபியாவின் அரசு முதலீட்டு நிதி கிளப்பின் பெரும்பங்கை வாங்கியிருந்தது. 2023 கோடையில் அணி முழுநேரத் தொழில்முறை ஆனது. மூன்றாம் அடுக்கில் அப்படி ஆன முதல் அணி அதுவே. வாரத்தில் சில மாலைகள் மட்டும் பயிற்சி செய்யும் அணிகளுக்கு எதிராக, நாள் முழுதும் பயிற்சி செய்யும் அணி இறங்கியது. முடிவு என்னவாகும் என்று ஊகிக்கச் சிரமமில்லை. பெக்கி லாங்லியின் பயிற்சியையும் வீராங்கனைகளின் உழைப்பையும் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது, அந்த நாட்டில் பெண்களின் நிலை என்ன என்ற கேள்விகளை ரசிகர்களே எழுப்பினார்கள். அந்தக் கேள்விகளோடு சேர்த்தே இந்த அணியைப் பார்ப்பது நேர்மை என்று நினைக்கிறேன்.

பணத்தில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் ஆண்கள் கிளப்பின் கஜானாவே பெண்கள் அணியைத் தாங்கும். நியூகாசிலும் லெஸ்டரும் இப்படி. லெஸ்டர் பெண்கள் அணி 2004 முதல் தனியாக இருந்தது. 2020-ல் ஆண்கள் கிளப்பின் உரிமையாளர்கள் வாங்கினார்கள், அடுத்த சீசனிலேயே சூப்பர் லீக்குக்கு உயர்ந்தது. இரண்டாவது, தனி முதலீட்டாளர். மில்வால் லயனெஸ்ஸஸிலிருந்து 2019-ல் பிரிந்த லண்டன் சிட்டி லயனெஸ்ஸஸை 2023 இறுதியில் மிஷெல் காங் வாங்கினார். 2025 மே மாதம் சீசனின் கடைசி நாளில் பர்மிங்காமுக்கே போய் 2-2 என்று டிரா செய்து பட்டத்தை எடுத்தார்கள். பர்மிங்காம் வென்றிருந்தால் அவர்கள் மேலே போயிருப்பார்கள். ஆண்கள் அணி எதையும் சாராத ஒரு கிளப் சூப்பர் லீக்குக்கு ஏறியது அதுவே முதல் முறை.

மூன்றாவது வகை லூயிஸ். தெற்கே ஒரு சிறிய ஊரின் கிளப், உரிமையாளர்கள் அதன் ரசிகர்களே. 2017-ல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் ஒரே அளவு ஆட்டச் செலவு என்று அறிவித்தார்கள். பல ஆண்டுகள் இரண்டாம் அடுக்கில் தாக்குப்பிடித்து, 2024-ல் இறங்கினார்கள். என் மனசுக்கு நெருக்கமான கிளப் இதுதான். ஆனால் மற்ற இரண்டு வகைப் பணத்தோடு போட்டிபோட ஒரு ஊரின் நல்லெண்ணம் மட்டும் போதவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எந்த மைதானம்?

கிளப்பின் நோக்கத்தை அளக்க எளிய வழி, வீட்டு ஆட்டங்கள் எங்கே நடக்கின்றன என்று பார்ப்பது. 2022 மே 1 அன்று நியூகாசில் பெண்கள் அணி, ஆண்கள் அணியின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் ஆல்னிக் டவுனுடன் ஆடியது. நான்காம் அடுக்கு ஆட்டம் அது. வந்தவர்கள் 22,134 பேர். அந்த ஆண்டு நவம்பரில் அங்கேயே பார்ன்ஸ்லியுடன் நடந்த எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு 28,000-க்கும் மேல் வந்தார்கள். வழக்கமான ஆட்டங்களோ ரக்பி மைதானமான கிங்ஸ்டன் பார்க்கில் நடந்தன. இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய மைதானத்தின் ஒருநாள் கூட்டம் ஆசையைக் காட்டும். சாதாரண ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்பதே வேர் பிடித்திருக்கிறதா என்று காட்டும்.

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வருவது புதிதும் அல்ல. 1920 டிசம்பர் 26 அன்று டிக் கெர் லேடீஸ் ஆட்டத்தைப் பார்க்க லிவர்பூலின் குடிசன் பார்க்கில் சுமார் 53,000 பேர் கூடினார்கள். மறு ஆண்டு டிசம்பர் 5-ல் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்களுக்குத் தர வேண்டாம் என்று தடை போட்டது. தடை நீங்க சுமார் 50 ஆண்டுகள் ஆயின. இன்று ஒரு பெண்கள் அணி சொந்த மைதானம் இல்லாமல் வேறொருவர் மைதானத்தில் வாடகைக்கு ஆடுவதற்குப் பின்னால் அந்தத் தடையின் நிழல் இருக்கிறது.

நேரில் போகிறவர்களுக்கு

மூன்று, நான்காம் அடுக்கு ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. ஆட்டம் தள்ளிப்போயிருக்கிறதா என்று அன்று காலையிலேயே கிளப்பின் சமூக வலைப் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளிர்காலத்தில் இதைச் செய்யாமல் போனால் பூட்டிய கேட்டைத்தான் பார்ப்பீர்கள். டிக்கெட் விலை குறைவு. பல இடங்களில் குழந்தைகளுக்குக் கட்டணமே இல்லை.

உள்ளே போனால் ஆட்டக்களத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பித் தடுப்பு, அதில் சாய்ந்துகொண்டு ஆட்கள். ஒரு பக்கம் தேநீர்க் கடை. பந்து தடுப்பைத் தாண்டி வந்தால் எடுத்து எறிய வேண்டியது நீங்கள்தான். கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களைக் கூப்பிட்டுத் திட்டுவது, பயிற்சியாளர் இடம் மாறச் சொல்வது எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை கேட்கும். கோலுக்குப் பின்னால் நிற்காமல், நடுக்கோட்டருகே பயிற்சியாளர்கள் நிற்கும் பக்கமாக நில்லுங்கள். அரை மணி நேரத்தில் ஆட்டத்தைப் பற்றி டிவியில் ஒரு சீசன் பார்த்தாலும் கிடைக்காத அளவு கற்றுக்கொள்ளலாம். முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். வீராங்கனைகள் தடுப்போரமாக வந்து சிறுமிகளோடு பேசுவார்கள். மேல் அடுக்குக்குப் போனதும் முதலில் குறைவது இந்த நெருக்கம்தான்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர்களுக்கு: இங்கிலாந்து மதியம் இரண்டு மணி என்பது கோடை நேரத்தில் நமக்கு மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. இரண்டாம் அடுக்கு ஆட்டங்களை லீக்கின் யூடியூப் சேனலில் பார்க்கலாம். உச்சி லீக்கில்கூட விஏஆர் (வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கும் நடுவர்) வராத நிலையில்தான் ஆடிவந்திருக்கிறார்கள். ஆஃப்சைடு தவறாகப் போனால் போனதுதான்.

கோப்பை ஆட்டங்களை விடாதீர்கள்

லீக்கில் கீழே இருக்கும் அணி மேலே இருக்கும் அணியைச் சந்திப்பது எஃப்.ஏ. கோப்பையில்தான். 2023 மார்ச்சில் லூயிஸ் தன் 'டிரிப்பிங் பேன்' மைதானத்தில் காலிறுதி ஆடியது, எதிரே மான்செஸ்டர் யுனைடெட். 3-1 என்று தோற்றார்கள், ஆனால் ஊரே திரண்டிருந்தது. பெண்கள் கோப்பையின் பரிசுத்தொகை ஆண்கள் கோப்பையின் தொகைக்குப் பக்கத்தில்கூட இல்லை என்பதை விடாமல் பேசியது அந்தக் கிளப்தான். 2023-24-ல் பெண்களுக்கான மொத்தப் பரிசு 60 லட்சம் பவுண்டாக, அதாவது இருமடங்காக உயர்ந்தது. சிறிய கிளப்புக்குக் கோப்பையில் ஒரு சுற்று கூடுதலாக ஆடுவது என்பது ஒரு பிசியோவின் சம்பளமாக இருக்கலாம்.

ஏறிய பிறகு

மேலேறிய கோடையில் ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்: நீங்கள் பெயர் தெரிந்து கைதட்டிய வீராங்கனைகளில் பலர் அடுத்த சீசனில் இருக்க மாட்டார்கள். நியூகாசில் இரண்டாம் அடுக்குக்கு வந்ததும் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து இங்கிலாந்து வீராங்கனை டெமி ஸ்டோக்ஸை அழைத்து வந்தது. பக்கத்து சவுத் ஷீல்ட்ஸில் வளர்ந்தவர் என்பதால் ஊருக்கு அது இரட்டைச் சந்தோஷம். லண்டன் சிட்டி ஏறிய கையோடு பாரிஸ் செயின்ட் ஜெர்மெயினிலிருந்து கிரேஸ் ஜெயோரோவை வாங்கியது. இப்படி வருகிறவர்களுக்காக இடம்விடுகிறவர்கள், வேலைக்கும் பயிற்சிக்கும் நடுவே ஓடி அணியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவர்கள். சிலர் முழுநேர ஒப்பந்தத்தை ஏற்க ஆசிரியர் வேலையையோ மருத்துவமனை வேலையையோ விட முடியாமல் தாங்களாகவே நிற்பார்கள். அவர்கள் எந்தக் கிளப்புக்குப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து நீங்கள் பார்க்க வேண்டிய கீழ் டிவிஷன் அணி அதுவாகவே இருக்கலாம்.

மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதே கண்ணோடு பார்க்கச் சொந்த ஊரிலேயே ஓர் அணி உண்டு. சேது எஃப்.சி. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக்கின் பட்டத்தை எடுத்தது. அப்போது அது சில வாரங்களில் ஒரே ஊரில் முடியும் போட்டி. 2023-24-ல் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறி மாறி ஆடும் லீக்கானது, கீழே இரண்டாம் டிவிஷனும் வந்திருக்கிறது. இந்தியாவில் ஏறுவதும் இறங்குவதும் இப்போதுதான் அர்த்தம் பெற ஆரம்பித்திருக்கின்றன. அட்டவணை வந்ததும் சேதுவுக்கு வீட்டு ஆட்டம் உண்டா, எந்த மைதானத்தில் என்று பாருங்கள், இருந்தால் முதல் ஆட்டத்துக்கே போங்கள்.